எத்தனை மணிக்குக் காய்ச்சின கஞ்சி?

"வீட்டைக் கொஞ்சம் சுத்தமா வச்சுக்கம்மா." என் அக்கா மகளிடம் ஒரு மருத்துவர் போகிறபோக்கில் சொன்ன வார்த்தை இது. சொன்னவருக்கு ஞாபகம்கூட இருக்காது. எனக்கு மட்டும் இன்னும் ஆறவில்லை. அவள் குழந்தைக்கு அப்போது ஒன்பது மாதம் முடியப் போகிறது. வயிற்றுப்போக்கு வந்து, நின்று, கன்னத்தில் கொஞ்சம் சதை திரும்பி, மறுபடியும் வந்திருந்தது. வைத்தியத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஓஆர்எஸ் பொட்டலம் கொடுத்தார். துத்தநாக மாத்திரையைப் போக்கு நின்ற பிறகும் விடாமல் 14 நாள் கொடுக்கச் சொன்னார். தாய்ப்பாலை நிறுத்தாதே, சாப்பாட்டையும் நிறுத்தாதே என்றார். கண் குழி விழுந்தாலோ, எதையும் குடிக்க மறுத்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ ராத்திரி என்று பார்க்காமல் தூக்கி வரச் சொன்னார். எல்லாம் சரி. எழுந்து வரும்போதுதான் அந்தக் கடைசி வரி. ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அவள் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் குழந்தையை மாமியார் கையில் கொடுத்துவிட்டு, காலையில் துடைத்த தரையை மறுபடியும் பினாயில் போட்டுத் துடைத்தாள்.

அவள் வீடு சிவதாபுரம் பக்கம். சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அங்கெல்லாம் வீட்டுக்குள்ளேயே வெள்ளிக் கொலுசுப் பட்டறை. முன்னறையில் வேலை, அடுத்தது சமையல், பின்னால் தண்ணீர்த் தொட்டியும் குளியலறையும். அவளும் அவள் வீட்டுக்காரரும் கூலிக்குக் கண்ணி கோர்த்து, பொடி வைத்து, ஊதிப் பற்றவைக்கிறார்கள். வெள்ளி வேலை நடக்கும் வீட்டில் குப்பையைக்கூட அலட்சியமாக வாரிக் கொட்ட மாட்டார்கள், கூட்டுகிற தூசியிலும் வெள்ளி கிடக்கும். தரை அப்படித்தான் இருக்கும். குழந்தைக்குத் தனிக் கிண்ணம், தனிக் கரண்டி, தினமும் வெந்நீரில் போட்டு எடுத்தவை. குடிக்கக் கொதித்து ஆறிய தண்ணீர். குழந்தைத் துணி தனி வாளியில். அந்த மாமியார் வருகிறவர்களைக் கை கழுவாமல் குழந்தையைத் தொட விடமாட்டார், என்னையும் சேர்த்துத்தான். இந்த வீட்டைப் பார்த்து யாராவது சுத்தம் போதவில்லை என்று சொன்னால், சுத்தம் என்று அவர்கள் எதை நினைக்கிறார்கள் என்றுதான் கேட்கத் தோன்றும்.

இன்னொன்றும் உறுத்தியது. அறையில் குழந்தையின் அப்பாவும் நின்றுகொண்டிருந்தார். வார்த்தை அவரை நோக்கிப் போகவில்லை. குழந்தைக்கு வயிறு கெட்டால் ஊர் முழுக்கத் தாயின் கையைத்தான் பார்க்கிறது. தாயும் தன் கையைத்தான் பார்த்துக்கொள்கிறாள். இன்னும் தேய்க்கிறாள், இன்னும் கழுவுகிறாள். எதைச் சரிசெய்ய வேண்டுமோ அது மட்டும் அப்படியே இருக்கிறது. அது என்ன என்று எனக்கு விளங்கியது சில வாரம் கழித்து, நல்ல சித்திரை வெயிலில்.

அலமாரியில் இருந்த டப்பா

வீட்டுக்காரர் சரக்கு கொடுக்க வெளியூர் போயிருந்ததால் துணைக்கு அவள் வீட்டில் தங்கியிருந்தேன். காலை ஆறரைக்கு அவள் கஞ்சி காய்ச்சினாள். அங்கன்வாடியில் கொடுத்த சத்துமாவு, கொஞ்சம் கேழ்வரகு மாவு, துளி நெய். கட்டி இல்லாமல் கரைத்து, கிளறி, நன்றாகத் தளதளவென்று கொதிக்கவிட்டு இறக்கினாள். கொதித்த தண்ணீரில் அலசிய எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி மூடி, அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் வைத்தாள். எட்டு மணிக்கு அதில் கொஞ்சம் கிண்ணத்தில் எடுத்து ஊட்டினாள். பிறகு வேலையில் உட்கார்ந்தாள். பத்தரைக்கு மறுபடியும் கொஞ்சம். அவசரத்தில் அப்போது டப்பாவிலிருந்தே நேராக ஊட்டினாள், குழந்தை வாயிலிருந்து வந்த கரண்டி திரும்பவும் டப்பாவுக்குள் போனது. ஒன்றரை மணிக்குக் கஞ்சி இறுகிப்போயிருந்தது. வெந்நீர் விட்டுக் கரைத்து, லேசாகச் சூடு காட்டி ஊட்டினாள். மிச்சத்தை மூடி வைத்தாள், நாலு மணிக்கு ஆகும் என்று.

மேலே சிமெண்ட் ஷீட். அந்தச் சமையலறையில் எனக்கே மூச்சு முட்டியது. சேலத்துச் சித்திரையில் வெளியே 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. ஷீட்டுக்குக் கீழே, அடுப்புக்குப் பக்கத்தில், மூடிய டப்பாவுக்குள் வெதுவெதுப்பாக, ஈரமாக, மாவும் சர்க்கரையும் புரதமும் கலந்து கிடக்கிற அந்தக் கஞ்சியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆறரையிலிருந்து ஒன்றரை வரை ஏழு மணி நேரம். அந்த ஏழு மணி நேரத்தில் அவள் செய்த எதையும் அழுக்கு என்று சொல்ல முடியாது. கை சுத்தம், பாத்திரம் சுத்தம், தண்ணீர் சுத்தம். குழந்தையைப் படுத்தியது கடிகாரம்.

வசதியான சூட்டில், ஈரத்தில், தீனி இருக்கும் இடத்தில் பல வகை பாக்டீரியாக்கள் சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். ஏழு மணி நேரத்தில் 21 தடவை. ஒன்றே ஒன்று உள்ளே விழுந்திருந்தாலும் கணக்குப்படி 20 லட்சத்தைத் தாண்டும். சமையலறையில் எல்லாம் கணக்குப்படி நடக்காது என்பது சரிதான். ஆனால் போவது எந்தத் திசையில் என்பதில் சந்தேகமில்லை. அந்த ஒன்று எங்கிருந்து வந்தது என்று தேடவே வேண்டாம். குழந்தையின் வாயிலிருந்து திரும்பிய கரண்டி போதும். அதுவும் இல்லையென்றால் மாவிலேயே இருக்கும். அரிசியிலும் தானியங்களிலும் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருப்பது சாதாரணம். கொதிக்கிற கஞ்சியிலும் அந்த வித்து சாகாது. கஞ்சி ஆறி வெதுவெதுப்பானதும் முளைத்துப் பெருகும். அதில் ஒரு வகை உண்டாக்கும் நஞ்சு, வாந்தியை வரவழைப்பது, மறுபடி கொதிக்க வைத்தாலும் அழியாது. கையிலும் மூக்கிலும் வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் விடும் நஞ்சும் அப்படியே. 'சூடு பண்ணித்தானே குடுத்தேன்' என்று நம் வீடுகளில் சொல்வது எத்தனை நிம்மதியான வார்த்தை. சூடு பண்ணினால் கிருமி சாகலாம், கிருமி விட்டுப்போனது சாகாது.

உலக சுகாதார நிறுவனம் 2001-இல் வெளியிட்ட பாதுகாப்பான உணவுக்கான ஐந்து விதிகளில் ஒன்று இதைத்தான் சொல்கிறது: சமைத்த உணவை அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதே. 5 டிகிரிக்குக் கீழே வை, அல்லது 60 டிகிரிக்கு மேலே வை. நடுவில் இருப்பது கிருமியின் ராஜ்ஜியம். மற்ற நான்கும் கை சுத்தம், பச்சையையும் சமைத்ததையும் பிரித்து வைப்பது, நன்றாக வேகவைப்பது, நல்ல தண்ணீரும் நல்ல பொருளும். ஐந்தில் நான்கை என் அக்கா மகள் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தாள். ஐந்தாவதை அவளிடம் யாரும் கேட்கவே இல்லை.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த கதையும் இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா நாட்டின் கெனேபா கிராமத்தில், கைக்குழந்தைகளுக்குக் காய்ச்சும் கூழை எடுத்துச் சோதித்து 1978-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். அங்கேயும் தாய்மார்கள் ஒரு வேளை காய்ச்சி நாள் முழுக்க வைத்து ஊட்டினார்கள். வயல் வேலை மும்முரமான மழைக்காலத்தில் கூழ் அதிக நேரம் கிடந்தது, கிருமியும் அதிகம் இருந்தது, குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கும் அப்போதுதான் அதிகம். படித்தபோது எனக்கு வயல் இருந்த இடத்தில் கொலுசுப் பட்டறைதான் தெரிந்தது.

ஏன் ஒரே தடவை காய்ச்சுகிறாள்

வேளைக்கு வேளை புதிதாகக் காய்ச்ச வேண்டியதுதானே என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அவள் கையைப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. பற்றவைக்கிற பொடியும் மெருகுக் கறையும் அப்பிய கை. அந்தக் கையோடு அடுப்பைத் தொட முடியாது, தொடவும் மாட்டாள். எழுந்து, பின்பக்கம் போய், சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, அடுப்பு மூட்டி, கிளறி, ஆற்றி, ஊட்டி, பாத்திரம் கழுவி, திரும்பி வந்து உட்கார வேண்டும். கொலுசுக்கு எடைக்குத்தான் கூலி, நேரத்துக்கு இல்லை. எழுந்த நேரமெல்லாம் அவள் கணக்கில் கழிகிறது. அதோடு கேஸ் சிலிண்டர். மாமியாருக்கு மூட்டு வலி, அடுப்படியில் நிற்க முடியாது. இத்தனையும் சேர்ந்துதான் ஆறரை மணிக் கஞ்சியை நாலு மணி வரை இழுக்கிறது. இதைப் பார்த்துச் சோம்பல் என்றோ அறியாமை என்றோ சொல்பவர்களோடு எனக்குச் சண்டைதான். அம்மாபேட்டையில் தறியில் உட்காரும் பெண்களுக்கும், கிழங்கு மில்லில் நிற்கும் பெண்களுக்கும் இதே கதைதான். ஆறு மாதத்துக்கு மேல் இரண்டு வயதுக்குள் குழந்தை வைத்திருக்கும், உழைக்கும் பெண் எவளுக்கும் இதே கதை.

நான் பார்த்ததைச் சொன்னபோது அவள் முதலில் நம்பவில்லை. "சித்தி, கெட்டுப்போனா வாசம் வருமில்ல? நான் மோந்து பாத்துட்டுத்தான் குடுக்கறேன்" என்றாள். நியாயமான கேள்வி. நம் மூக்கு புளிப்பையும் ஊசலையும் கண்டுபிடிக்கும். நோய் தரும் கிருமிகள் பலவும் வாசமோ நிறமோ மாறாமலே பெருகும். பெரியவர்களாகிய நாம் அதே கஞ்சியைக் குடித்தால் ஒன்றும் ஆகாமல்கூடப் போகலாம். எட்டுக் கிலோகூட எட்டாத உடம்பு தாங்காது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியார்தான் பேச்சைத் திருப்பினார். "எங்க காலத்துல கூழு ஊத்தி வளத்தோம். மொத நாளே கரைச்சுப் புளிக்க வச்சுருவோம். அது கெடாதுங்க" என்றார். அவர் சொன்னதில் பெரிய உண்மை இருக்கிறது. மாவு புளிக்கும்போது உண்டாகும் லாக்டிக் அமிலம் நோய்க்கிருமிகள் பலவற்றை வளரவிடாது. தான்சானியாவில் புளித்த கூழ் குடித்த குழந்தைகளுக்குப் புளிக்காத கூழ் குடித்தவர்களைவிட வயிற்றுப்போக்கு குறைவாக இருந்ததை 1990-களில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பாட்டிமார்கள் புளிக்கவைத்தது ருசிக்கு மட்டும் இல்லை, அடுப்பு மூட்டாத பகல்பொழுதைச் சமாளிக்கவும்தான். சத்துமாவுக் கஞ்சி வந்ததும் புளிப்பு போய்விட்டது, ஆனால் காலையில் காய்ச்சி மாலை வரை வைக்கிற பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. புளிக்காத, தித்திப்பான, பால் சேர்த்த கஞ்சிக்கு அந்தக் காவல் கிடையாது. அதற்காகப் பழைய கூழுக்கே போகலாம் என்று நான் சொல்லவில்லை. கை விட்டுக் கரைத்த கூழ் எல்லாமே ஒரே மாதிரி புளிப்பதில்லை, நஞ்சு உண்டாகிவிட்ட பிறகு புளித்தால் பயனும் இல்லை. இட்லிதான் இங்கே நமக்குக் கிடைத்த வரம். மாவு புளித்தது, ஆவியில் வெந்தது, ஒரே ஒரு இட்லியைப் பத்து நிமிடத்தில் புதிதாக ஊற்றி எடுக்கலாம். கூடக் கொஞ்சம் பருப்பை மசித்துச் சேர்த்தால் வேறென்ன வேண்டும்?

அன்று சாயங்காலம் மூன்று பேரும் உட்கார்ந்து பேசி ஒரு வழி செய்தோம். மாவை வறுத்து ஈரம் படாத டப்பாவில் வைப்பது. ஒரு வேளைக்கு இரண்டு கரண்டி மாவு மட்டும் எடுப்பது. காலையில் தண்ணீரைக் கொதிக்க வைத்து நல்ல ஃபிளாஸ்க்கில் ஊற்றி வைத்துக்கொண்டால், சின்ன வாணலியில் காய்ச்ச அஞ்சு நிமிடம், கேஸும் மிச்சம். வெந்நீரை மாவில் ஊற்றிக் கலக்கிக் கொடுத்துவிடக் கூடாது, மாவு அடுப்பில் வெந்தாக வேண்டும். ஊட்டி மிஞ்சியதைப் பெரியவர்கள் சாப்பிடலாம், குழந்தைக்குத் திரும்ப வைக்கக் கூடாது. ஃபிரிட்ஜ் இருக்கும் வீடு என்றால் காய்ச்சியதும் வாய் படாமல் சின்னக் கிண்ணங்களில் பிரித்து, சீக்கிரம் ஆற்றி உள்ளே வைத்து, எடுத்ததை ஒரே தடவை ஆவி பறக்கக் கொதிக்க வைத்துக் கொடுக்கலாம். அவர்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. பத்தரை மணிக் கஞ்சி யாருடையது என்ற கேள்விதான் கடைசியில் நின்றது. ஊரிலிருந்து திரும்பிய மருமகப்பிள்ளையிடம் அவளே சொன்னாள்: "பத்தரைக்கு நீங்க எந்திரிங்க, ஒன்றரைக்கு நான் எந்திரிக்கறேன்." அவரும் எழுந்தார். இப்போது கட்டியில்லாமல் கிளறுவதில் அவர் கைதான் நல்ல கை என்று மாமியாரே சொல்கிறார்.

அதன் பிறகு குழந்தைக்கு வயிற்றுப்போக்கே வரவில்லை என்று எழுதினால் பொய். ஒரு தடவை வந்தது. பல் முளைக்கிறது, அதான் என்றார்கள் தெருவில். பல்லால் வருவதில்லை. ஈறு ஊறும் அந்த வயதில்தான் குழந்தை தவழ்ந்து போய்க் கண்டதையும் எடுத்து வாயில் வைக்கிறது. ஆனால் முன்பு போல விட்டுவிட்டுத் தொடரவில்லை, எடை ஏறுகிறது. எனக்கு அது போதும்.

துணி, மூடி, சோப்பு

நேரத்தைப் பற்றி இவ்வளவு எழுதியதால் கழுவுவது முக்கியம் இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கே கழுவ வேண்டும் என்பதில்தான் நம் கவனம் தவறுகிறது. நம் பக்கத்து வீடுகளில் ராகிப்பால் கொடுக்கும் வழக்கம் பெரிது. கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, அரைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டிக் காய்ச்சுவோம். முளைகட்டிய தானியம் கஞ்சியை இளக்கும், அதனால் அதே அளவு கஞ்சிக்குள் கூடுதல் மாவைச் சேர்க்கலாம், சின்ன வயிற்றுக்கு நல்லது. பிரச்சினை அந்தத் துணி. பழைய வேட்டியில் கிழித்த துண்டு, வடிகட்டியதும் தண்ணீரில் அலசி அடுப்படி ஆணியில் தொங்கும். இழைக்கு இழை மாவு ஒட்டியிருக்கும். மறுநாள் காலையிலும் தொட்டால் ஈரம். முளை வருவதற்கு என்ன ஈரமும் சூடும் வேண்டுமோ கிருமிக்கும் அதேதான் வேண்டும், ஆகவே முளைகட்டிய தானியத்திலும் கிருமி பெருகியிருக்கும். வடிகட்டிய பாலை நன்றாகக் கொதிக்கவிட்டே தீர வேண்டும். துணியைச் சோப்பில் துவைத்து, கொதிநீரில் போட்டு எடுத்து, மொடமொடவென்று வெயிலில் காயவைக்க வேண்டும். இரண்டு துண்டாக வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் காய நேரம் கிடைக்கும்.

பாட்டில் விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமே இல்லை. சங்கும் பாலாடையும் திறந்த பாத்திரம், விரல் போகாத இடமே கிடையாது. பாட்டிலில் நிப்பிளின் உள்பக்கம், மூடியின் மரை, அடிவளைவு எல்லாவற்றிலும் பால் தங்கும். ஃபீடிங் பாட்டிலுக்கும் பால்பவுடருக்கும் விளம்பரம் செய்யவே கூடாது என்று 1992-இல் இந்தியாவில் சட்டம் வந்தது, 2003-இல் அதை இன்னும் இறுக்கினார்கள். இருந்தும் குழந்தை பார்க்க வருகிறவர்கள் பரிசாக வாங்கி வருவது பாட்டில். பவுடர் பால் கொடுத்தே ஆக வேண்டிய தாய்மார்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். டின்னில் இருக்கும் பவுடர் கிருமி நீக்கிய பொருள் இல்லை. குரோனோபாக்டர் என்ற ஆபத்தான கிருமி அதில் இருக்கக்கூடும், பச்சிளம் குழந்தைக்கு அது உயிர் போகும் விஷயம். அதனால்தான் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் இருக்கும் தண்ணீரில், அதாவது கொதித்து இறக்கி அரை மணிக்குள், கலக்கச் சொல்கிறார்கள். பிறகு குழாய்த் தண்ணீரில் பாட்டிலைப் பிடித்துக் குளிரவைத்து, மணிக்கட்டில் விட்டுப் பார்த்து, உடனே கொடுத்துவிட வேண்டும். நம் வீடுகளில் வெதுவெதுப்பான தண்ணீரில்தான் கலக்கிறார்கள்.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. மேட்டூர்த் தண்ணீர் நம் தெருக்களுக்கு நாள் விட்டு நாள்தான் வரும், சில இடங்களில் அதைவிடத் தள்ளியும் வரும். பிடித்து வைத்துத்தான் குடிக்கிறோம். வரும்போது நன்றாக இருந்த தண்ணீரை நாம்தான் குடத்துக்குள் சொம்பை விட்டு, சொம்போடு விரலையும் விட்டுக் கெடுக்கிறோம். குழாய் வைத்த டிரம் அல்லது நீளப் பிடி போட்ட அகப்பை, இரண்டில் ஒன்று இருந்தால் அந்த வழி அடைபடும். சோப்பும் அப்படித்தான். எல்லா வீட்டிலும் சோப்பு உண்டு, பின்னால் குளியலறையில் உண்டு. குழந்தை அழும்போது யார் பின்னால் போவது? சமையலறைக் குழாயடியில் ஒரு துண்டுச் சோப்பு இருந்தால் கை தானாகப் போகும். சோப்புப் போட்டுக் கை கழுவும் பழக்கம் வயிற்றுப்போக்கை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கும் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். சமைக்கும் முன், ஊட்டும் முன், குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட பின். இந்த மூன்றாவதை நாம் லேசாக எடுத்துக்கொள்கிறோம். குழந்தை மலம்தானே, என்ன அசிங்கம் என்போம். கிருமிக்குப் பெரியவர் சிறியவர் தெரியாது.

மலை மேலே

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறது. இந்தப் பேச்சு அங்கேயும் வந்தது. "இங்க குளுருங்க, ஒண்ணும் கெடாது" என்றார் அந்த அம்மா. கீழே இருந்து போகிறவர்களுக்கும் அப்படித்தான் தோன்றும். ஏற்காட்டுக் குளிர் நமக்குப் போர்வை கேட்கும் குளிரே தவிர ஃபிரிட்ஜின் குளிர் இல்லை. பகலில் இருபது இருபத்தைந்து டிகிரி என்றால் அது 5-க்கும் 60-க்கும் நடுவேதான். கிருமி கொஞ்சம் மெதுவாகப் பெருகும், பெருகாமல் இருக்காது. காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் காலையில் வடித்த சாமைச் சோறு மாலை வரை கிடக்கத்தான் செய்கிறது.

அவர் வீட்டுக்காரருக்கு வேறு சந்தேகம். மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடுகிறதே, கிருமி சாகுமா? நல்ல கவனிப்பு அது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி பக்கத்திலேயே கொதிக்கும். வயிற்றுப்போக்கு தரும் கிருமிகள் சாக அது தாராளம். ஊற்றுத் தண்ணீர் பார்க்கப் பளிங்கு போல இருந்தாலும் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்த பிறகுதான் குழந்தைக்கு. மலையில் இன்னொன்று தேன். பிறந்த குழந்தை நாக்கில் தேன் தடவிச் சேனை வைப்பது நம்மிடம் நெடுநாள் வழக்கம். ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய பொட்டுலினம் வித்துகள் அந்த இளம் குடலில் முளைத்து, உடம்பைத் துவளவைக்கும் நஞ்சை உண்டாக்கும். கொதிக்க வைத்தாலும் அந்த வித்து போகாது. எத்தனை சுத்தமான மலைத்தேன் என்றாலும் இதேதான்.

ஆறாம் மாதத்தில் யார் சொல்வது

இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தபோது குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஆறு, பத்து, பதினாலாவது வாரங்களில் ஊசியும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தும். ரோட்டா சொட்டு 2016-இல் இந்திய அரசின் தடுப்பூசித் திட்டத்துக்குள் வந்தது, பெரிய துணை, ஆனால் அது ஒரு கிருமிக்கு மட்டும்தான் காவல். பதினாலாவது வாரத்துக்கு அடுத்தது ஒன்பதாம் மாதம். நடுவில் ஒன்றும் இல்லை. அந்த நடுவில்தான் ஆறு மாதம் முடிகிறது, தாய்ப்பாலோடு முதல் கரண்டிக் கஞ்சி உள்ளே போகிறது. வயிற்றுப்போக்கு அதிகம் தாக்கும் காலம் அங்கேதான் தொடங்குகிறது. சரியாக அந்த வாரத்தில் தாயும் செவிலியரும் ஊசிக்காகச் சந்திக்கும் நாள் எதுவும் கிடையாது. இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு அங்கன்வாடியிலேயே சுடச்சுடச் சோறு கிடைக்கிறது. அதற்குக் கீழே இருப்பவர்களுக்குச் சத்துமாவுப் பொட்டலம் வீட்டுக்கு வருகிறது. பொட்டலம் வந்த பிறகு அது எத்தனை மணிக்குக் காய்ச்சி எத்தனை மணி வரை ஊட்டப்படுகிறது என்பது அந்த வீட்டின் பாடு.

பொட்டலம் கொடுக்கிற நாளும் எடை போடுகிற நாளும் இருக்கின்றன. அன்றைக்கே கேட்டுவிடலாம். காலைக் கஞ்சி எத்தனை மணிக்குக் காய்ச்சினது, கடைசிக் கரண்டி எத்தனை மணிக்கு? பகலில் நீ வேலைக்கு உட்கார்ந்தால் அடுப்புப் பக்கம் யார் போவார்கள்? சோப்பு எங்கே இருக்கிறது? கேட்பவர் இதைக் குழந்தையின் அப்பாவையும் பாட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் அந்தத் தாய் வீட்டுக்குப் போய் மறுபடியும் தரையைத் துடைக்க மாட்டாள். என் அக்கா மகள் வீட்டுக்கு எதிரே ஒரு குழந்தைக்கு இந்த மாதம் ஆறு மாதம் முடிந்தது. அதுவும் கொலுசு வீடுதான். கஞ்சி தொடங்கிய வாரமே அவள் போய், ஒரு வேளைக்கு எவ்வளவு மாவு எடுக்க வேண்டும் என்று அந்த வீட்டுக் கரண்டியாலேயே அளந்து காட்டிவிட்டு வந்திருக்கிறாள். அந்த வீட்டில் ஃபிளாஸ்க் இல்லையாம், இந்த வாரக் கூலி வந்ததும் வாங்குகிறார்களாம்.